வெளியூர் ரசிகருக்கும் ஓர் இடம்

கேள்வி: ‘சென்னையின் எஃப்சி’ கால்பந்து அணியின் ஆட்டங்களில் ரசிகர்கள் விரிக்கும் பெரிய ஓவியத்துணிக்குப் பெயர் என்ன? வெளியூர் ரசிகர்களுக்குத் தனிப்பகுதி அவசியமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: அது ‘டிஃபோ’, இத்தாலியில் ரசிகர்களைக் குறிக்கும் ‘டிஃபோசி’ என்ற சொல்லின் உறவு. கட்டம் போட்டு வரைந்து, துண்டுகளைத் தைத்து இணைத்து, வீரர்கள் களமிறங்கும் வேளையில் தலைக்கு மேலே கைமாற்றி விரிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காக இளைஞர்கள் உறக்கம் துறப்பது எனக்குப் பெரும் மதிப்பை உண்டாக்குகிறது.

தனிப்பகுதி அவசியமே. இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில், வெளியூர் அணி கேட்டால் உள்ளூர் அணி அதன் ரசிகர்களுக்கு 3,000 இருக்கைகளை, அரங்கு சிறியதாயின் கொள்ளளவில் 10 சதவீதத்தை ஒதுக்க வேண்டும். 2016 முதல் வெளியூர் ரசிகர்களுக்கான நுழைவுச்சீட்டு 30 பவுண்டைத் தாண்டக்கூடாது. கொச்சியிலிருந்து இரவு முழுதும் ரயிலில் வருபவருக்கு, பெரியமேட்டு நேரு அரங்கில் தனி வாயிலும் குடிநீரும் களம் முழுதும் தெரியும் இருக்கையும் கிடைக்க வேண்டும்.