கையெழுத்திட்ட பக்கில் வெள்ளைப் படலம்: துடைக்கலாமா?

கேள்வி: கனடிய ஐஸ் ஹாக்கி வீரர் கானர் மெக்டேவிட் கையெழுத்திட்ட பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) ஒன்றை இணையத்தில் வாங்கி, சிங்கப்பூரில் ஈசூன் வீவக அடுக்குமாடி வீட்டில் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். சில மாதங்களில் அதன்மேல் வெள்ளையாகப் படிந்துவிட்டது. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா? அடுத்து ஜெர்சியும் வாங்க ஆசை.

பதில்: ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். பக்கில் பெரும்பாலும் வெள்ளி நிற பெயின்ட் பேனாவால் கையெழுத்துப் போடுவார்கள். ரப்பர் அந்த மையை உறிஞ்சாது. எழுத்து மேற்பரப்பில் வெறுமனே ஒட்டியிருக்கும். ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் கரைந்து வழிந்துவிடும். பளபளப்பாக்கும் ஸ்பிரேயும் ஆகாது.

முதலில் அது என்ன படலம் என்று பாருங்கள். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பார்த்தால் தெரியும். பக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர். உள்ளே மிஞ்சிய கந்தகமும் மெழுகும் நாளடைவில் வெளியே கசிந்து, சாம்பல் பூத்ததுபோல் சீராகப் படியும். இதனால் கெடுதல் இல்லை, அப்படியே விடலாம். கண்ணை உறுத்தினால் கையெழுத்து இல்லாத பக்கத்தை மட்டும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

திட்டுத்திட்டாக, நூல் நூலாக, பூஞ்சை வாடையோடு இருந்தால் அது பூஞ்சணம். அதற்குக் காரணம் நம் ஊர் ஈரப்பதம். உடனே மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் சில நாள் காய விடுங்கள். காய்ந்தபின் வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் பூஞ்சணம் இன்னும் பரவும். எழுத்தின்மேல் தூரிகையும் படக்கூடாது.

கண்ணாடி அலமாரி தூசியைத்தான் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடிய அறையில் காலையில் ஜன்னலைத் திறந்தால், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பக்கின்மேல் வியர்த்து நிற்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரநீக்கிப் பெட்டியை 45-50 விழுக்காட்டில் வைத்துப் பயன்படுத்துங்கள். சேகரிப்பை வளர்க்கும் எண்ணம் இருந்தால், அடுத்த பொருளுக்கு முன் இதை வாங்குவதே நல்லது.

ஜெர்சி வாங்குமுன் சான்றைச் சோதியுங்கள். விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. கையெழுத்துக்குச் சான்றளிக்கும் அப்பர் டெக், பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்களின் ஒட்டுவில்லையில் உள்ள எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருக்கிறது என்பது மட்டும் போதாது, உண்மையான எண்ணைப் போலி வில்லையில் அச்சடிப்பதும் உண்டு. அந்த எண்ணுக்கான பதிவில் பொருள் 'புகைப்படம்' என்றிருந்து உங்கள் கையில் ஜெர்சி இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். பதிவில் பொருளின் படம் இருந்தால் எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் ஒப்பிடுங்கள். உங்கள் பக்குக்கும் இதைச் செய்துவிடுங்கள்.

ஜெர்சியைத் துவைக்கக்கூடாது. கையெழுத்து விழுந்த இடத்தில் மடிப்பு வராமல், அமிலமற்ற தாள் வைத்துச் சுருட்டுங்கள். சட்டமிட்டால் துணி கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி வேண்டும். மார்க்கர் மை வெயிலில் வெளுக்கும், புற ஊதாத் தடுப்புக் கண்ணாடி அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், விலையோடு 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கணக்கில் சேருங்கள். 400 வெள்ளிக்கு மேற்பட்ட பார்சலுக்கு அனுப்பும் செலவு, காப்புறுதி இரண்டையும் சேர்த்த மதிப்பின்மீது இங்கு வந்திறங்கும்போது வரி கட்ட வேண்டும். அதற்குட்பட்டதென்றால், இங்கு வரிக்குப் பதிந்த வெளிநாட்டு விற்பனையாளர் பணம் செலுத்தும்போதே வசூலித்துவிடுவார். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.