முட்டையையும் மீனையும் தள்ளிப்போட வேண்டாம்

இந்த இதழின் 'பிள்ளை நலம்' பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: கைக்குழந்தைக்குத் திட உணவு எப்போது தொடங்குவது, அலர்ஜி வந்துவிடாதா என்பது. அவற்றில் நாலு கடிதங்களுக்குப் பதில் இங்கே.

கேள்வி: என் மகனுக்கு அஞ்சரை மாதம். தாய்ப்பால் போதாது, நாலு மாதத்திலேயே ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்ப்) பொடி காய்ச்சிக் கொடுத்திருக்கணும் என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மூத்த பெண்ணுக்குச் சின்ன வயதில் முட்டை கொடுத்ததும் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அதனால் இவனுக்கு முட்டை, மீன், கப்பலண்டி (நிலக்கடலை) எதுவுமே இரண்டு வயது வரை கொடுப்பதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். சரிதானே டாக்டர்?
- ஒரு வாசகி, கருங்கல்

பதில்: முதல் விஷயத்தில் நீங்கள் செய்வது சரி, இரண்டாவதில் சரியில்லை.

தாய்ப்பால் குடித்து எடை ஒழுங்காகக் கூடுகிற பிள்ளைக்கு 6 மாதம் முடியும் வரை வேறு எதுவும் தேவையில்லை, தண்ணீர்கூட வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களும் சொல்வது இதுதான். நாலு மாதத்தில் கஞ்சி உள்ளே போனால் அந்த அளவுக்குப் பால் குடிப்பது குறையும், வயிற்றாலே போகவும் வாய்ப்பு கூடும். ஆறு மாதம் ஆனதும் அதற்கு மேல் இழுத்தடிக்கவும் கூடாது, ஏனென்றால் பிறக்கும்போது பிள்ளை சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து அந்த நேரத்தில் தீரத் தொடங்கும், தாய்ப்பாலில் இருக்கிற இரும்புச்சத்து அதற்குப் போதாது. கழுத்து நன்றாக நிற்கிறதா, பிடித்து உட்கார வைத்தால் உட்காருகிறானா, கரண்டியைக் கொண்டுபோனால் நாக்கால் வெளியே தள்ளாமல் வாங்கிக்கொள்கிறானா என்று பாருங்கள்.

ஏத்தங்காய்ப் பொடியை நான் குறை சொல்லமாட்டேன், நம் வீடுகளில் நன்றாகக் காயவைத்துப் பொடித்துச் சலித்து வைக்கிற அக்கறையே பெரிய விஷயம். ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்து. மூன்று நேரமும் அதையே காய்ச்சிக் கொடுத்தால் கன்னம் உப்பி அழகாக இருக்கும், ரத்தத்தைப் பரிசோதித்தால் சோகை இருக்கும். ஒரு நேரம் அது போதும், மற்ற நேரங்களில் குழைய வெந்த சோறும் சிறுபயறும், கேழ்வரகு, முட்டை, மீன்.

சரி, முட்டைக்கு வருவோம். அலர்ஜி வரக்கூடிய உணவைத் தாமதமாகக் கொடுத்தால் அலர்ஜி வராது என்ற எண்ணம் உங்களுடையது மட்டும் இல்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே, குடும்பத்தில் அலர்ஜி இருந்தால் முட்டையை 2 வயது வரையும் மீன், கடலை வகைகளை 3 வயது வரையும் தள்ளிவைக்கச் சொன்னது. அப்படித் தள்ளிவைத்ததால் அலர்ஜி குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, 2008இல் அந்த அறிவுரையை அவர்களே கைவிட்டார்கள். அங்கே கைவிட்ட பேச்சு இங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு அதுதான் வருத்தம். ஜப்பானில் கரப்பான் (எக்சிமா என்கிற தோல் நோய்) உள்ள குழந்தைகளுக்குத் தோலுக்கும் மருந்து போட்டு, 6 மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப் பொடியைத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவு இது: ஒரு வயதில் முட்டை அலர்ஜி இருந்தது, கொடுத்த குழந்தைகளில் 100க்கு 8 பேருக்கு, கொடுக்காதவர்களில் 100க்கு 38 பேருக்கு.

ஆகவே கஞ்சி, பருப்பு இரண்டும் ஒன்றிரண்டு வாரம் பழகியதும் முட்டையைத் தொடங்குங்கள். கால் மணிநேரம் கொதிக்கட்டும், அரைவேக்காடு வேண்டவே வேண்டாம். மஞ்சள் கருவோடு வெள்ளைக் கருவையும் சேர்த்து மசித்து, முதல் நாள் கால் டீஸ்பூன். காய்ச்சல், சளி இல்லாத ஒரு நாளில், காலை நேரத்தில் கொடுங்கள், ராத்திரியில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். இரண்டு மணி நேரம் கண் அவன் மேல் இருக்கட்டும். ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்தடுத்த தடவை கூட்டிக்கொண்டே போகலாம், அன்றைக்கு வேறு புது உணவு வேண்டாம். ஒத்துக்கொண்ட பிறகு வாரம் இரண்டு தடவையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுவதால் பலன் இல்லை.

அப்புறம், உங்கள் மூத்த பெண்ணையும் ஒரு அலர்ஜி மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டை அலர்ஜி பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர மாறிவிடும். தேவையில்லாமல் அவள் முட்டை இல்லாமலே வளரக் கூடாது.

கேள்வி: பேத்திக்கு ஏழு மாதம். இரண்டு கன்னத்திலும் முழங்கை மடக்கிலும் கரப்பான், சொறிந்து சொறிந்து நீர் வடிகிறது. மருமகள் மீனும் முட்டையும் தின்பதால்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நான் அண்டி ஆபீசுக்கு (முந்திரிப் பருப்பு ஆலைக்கு) வேலைக்குப் போகிறவள். பிள்ளைக்குக் கப்பலண்டியை நினைத்தாலே பயமாக இருக்கிறது.
- ஒரு பாட்டி, மார்த்தாண்டம் அருகில்

பதில்: அம்மா, முதலில் உங்கள் மருமகளுக்கு மீனையும் முட்டையையும் திருப்பிக் கொடுங்கள். பால் கொடுக்கிற பெண்ணின் சாப்பாட்டை இப்படி வெட்டுவதால் பிள்ளையின் கரப்பான் சரியாவதில்லை, அவளுக்குத்தான் சத்துக் குறையும்.

தோல்தான் இங்கே முக்கியம். உணவு வாய் வழியாக வயிற்றுக்குப் போனால் உடம்பு அதைச் சாப்பாடு என்று பழகிக்கொள்கிறது, அதே உணவின் தூள் வெடித்த தோல் வழியாக உள்ளே போனால் எதிரி என்று பதிந்துகொள்கிறது. இப்படித்தான் அலர்ஜி தொடங்குகிறது என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் பலரும் கருதுகிறார்கள். அதனால் மருத்துவர் தந்த களிம்பை, ஸ்டீராய்டு என்று பயந்து பாதியில் விடாமல், அவர் சொன்ன நாள் வரை பூசுங்கள். குளிப்பாட்டியதும் ஈரம் காயும் முன்னே கிரீம் தடவுங்கள். நீங்கள் வேலை விட்டு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அண்டித் தோட்டின் எண்ணெய் பெரியவர்கள் கையையே பொத்துவிடும், உங்களுக்குத் தெரியாததில்லை. பருப்பின் தூளும் அந்தக் கன்னத்தில் படக் கூடாது.

கப்பலண்டி விஷயத்தில் உங்கள் பயம் நியாயம், ஆனால் தீர்வு ஒதுக்கிவைப்பதில் இல்லை. லண்டனில் கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளை, 4 முதல் 11 மாத வயதில் சேர்த்து, பாதிப் பேருக்கு நிலக்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு அறவே இல்லை. 2015இல் முடிவு வந்தது: 5 வயதில் கொடுக்காத குழந்தைகளில் 100க்கு 17 பேருக்குக் கடலை அலர்ஜி, கொடுத்தவர்களில் 3 பேருக்கு. ஆனால் உங்கள் பேத்திக்கு வீட்டில் நீங்களாகத் தொடங்காதீர்கள். இவ்வளவு கரப்பான் உள்ள பிள்ளைக்கு முதலில் பரிசோதனை வேண்டும், தேவைப்பட்டால் முதல் வாய் ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கப்படும். இதை அடுத்த மாதம், அடுத்த வருஷம் என்று போடாமல் இப்போதே கேளுங்கள். எந்தப் பிள்ளைக்கும் முழுக் கடலையோ உடைத்த கடலையோ கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் போய் அடைத்துவிடும். மைய அரைத்துக் கஞ்சியில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஒன்பது மாத மகனுக்கு அயிலை (கானாங்கெளுத்தி) மீன் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து அங்கங்கே தடித்துவிட்டது. அன்றைக்கு அதே மீனைத் தின்ற எனக்கும் முகம் கொதித்தது, தலைவலி வந்தது. இனி மீனே கூடாதா?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: உங்களுக்கும் வந்தது என்று எழுதினீர்களே, அதுதான் துப்பு. அயிலை, சாளை (மத்தி), சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. தின்ற எல்லோருக்கும் அலர்ஜி போலவே தடிப்பும் சிவப்பும் வரும். உங்கள் வீட்டில் நடந்தது அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டி உறுதி செய்த பிறகே மறுபடி மீன் கொடுங்கள். நல்ல பச்சை மீனாக, விளமீனோ பாறையோ, மிளகாய் போடாமல் அவித்து, முள்ளை விரலால் தடவித்தடவிப் பார்த்து எடுத்துவிட்டுக் கொடுங்கள். தூத்தூர் பக்கம் ஆழ்கடலில் பிடித்து வருகிற சுறா பெரியவர்களுக்கு ருசிதான், பிள்ளைகளுக்கு வேண்டாம், பாதரசம் அதிகம்.

இன்னொன்றையும் எல்லோரும் கவனியுங்கள். வாயைச் சுற்றி மட்டும் லேசான சிவப்பு என்றால் பதற வேண்டாம். உதடோ நாக்கோ வீங்குவது, இழுப்பு, விடாத இருமல், திரும்பத் திரும்ப வாந்தி, பிள்ளை துவண்டு வெளிறிப்போவது இவற்றில் எது வந்தாலும் உடனே 108க்கு அழையுங்கள், அல்லது பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசிதான் அப்போது உயிர் காக்கும், வீட்டில் இருக்கிற அலர்ஜி சிரப் போதாது.

கேள்வி: வயம்பு (வசம்பு) உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவலாமா? பசும்பால் எப்போது?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: தேன் ஒரு வயது வரை ஒரு துளிகூட வேண்டாம், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிள்ளையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். வயம்பும் வேண்டாம். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகுதான், அதற்கு முன்னே கொடுத்தால் ரத்தசோகை வரலாம். தயிர் சேர்த்து மசித்த சோறு எட்டு மாதத்தில் தாராளமாகக் கொடுக்கலாம், உப்பு போடாமல்.