மனநலத்துக்கு ஏஐ: ஆராய்ச்சியாளருக்கு அங்கே என்ன வேலை?

பேச்சு, எழுத்து, தூக்கம் இவற்றில் மனநிலையின் தடயம் தெரிகிறதா என்று கணினியை வைத்துத் தேடுவதும், கிடைத்தது நிஜம்தானா என்று சோதிப்பதும்தான் வேலை. தேடுவதைவிடச் சோதிப்பதுதான் பெரும்பாடு.

ஏன்? சர்க்கரையை ரத்தத்தில் அளந்துவிடலாம். மனச்சோர்வுக்கு அப்படி ஒரு பரிசோதனை கிடையாது, கேள்வித்தாள்தான். பிஎச்க்யூ-8 என்ற கேள்வித்தாளில் 8 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். ஆக, கணினி கற்பது அந்த மதிப்பெண்ணைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 189 நேர்காணல்களைத் தொகுத்தது. கேள்வி கேட்டது 'எல்லி' என்ற திரை உருவம். அதை இயக்கியவர்கள் மறைவில் இருந்த மனிதர்கள். இந்தத் தொகுப்பில் பயிற்சி பெற்ற சில ஏஐ மாதிரிகள் யாருக்கு மனச்சோர்வு என்று நன்றாகவே கணித்தன. பிறகு பார்த்தால், அவை எதிரில் இருப்பவர் பேச்சைவிட எல்லியின் கேள்விகளையே அதிகம் பிடித்துக்கொண்டிருந்தன! பழைய மனநலப் பிரச்சினை பற்றி எல்லி விசாரிக்கும் இடமே அவற்றுக்குத் துப்பாகிவிட்டது.

கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்து எழுதும் பையன் மாதிரி. விடை சரி, கணக்குதான் தெரியாது. அந்தப் பையனைப் பிடிப்பதற்குத்தான் ஆராய்ச்சியாளருக்குச் சம்பளம் என்று சொன்னாலும் தப்பில்லை.

அப்புறம், பலர் நினைப்பதுபோல் இவர் சிகிச்சை தருபவர் அல்ல; நோயை உறுதிசெய்து மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை.