கையால் மோனோடைப்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மோனோடைப் என்பது வழுவழுப்பான தகட்டில் உருளையால் மை பூசி, அந்த மையிலேயே படம் வரைந்து, மேலே தாளை வைத்துத் தேய்த்து அச்செடுக்கும் முறை.

மரக்கரண்டியால் தேய்த்தாலும் படம் திட்டுத்திட்டாக விழுகிறது. தாளை மாற்ற வேண்டுமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

தாளின் கனம், மையின் வகை இரண்டையும் எழுதாமல் என்னிடம் காரணம் கேட்பதில் பயனில்லை. ஆயினும் பெரும்பாலும் குற்றவாளி தடித்த மைதான். உருளை ஓடும்போது பட்டு உரசுவதைப் போன்ற மெல்லிய ஓசை வர வேண்டும். பிசுக்கென்று ஒட்டி இழுத்தால் மையைக் குறையுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள் அச்சு எந்திரத்துக்கு உரியது. கைக்கு 100க்குள் போதும்.

நீர் மை தகட்டிலேயே காய்ந்துவிடுகிறது. (வில்லியனூர்)

மின்விசிறியை நிறுத்துங்கள். மையில் இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் சேருங்கள்.

ஐப்பசி மழையில் எண்ணெய் மை காயவே இல்லை. (முத்தியால்பேட்டை)

எண்ணெய் மை காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவது. குளிர்ந்த, ஈரமான காற்றில் அது தாமதமாகும். மெல்லிய மை என்று மறுபடியும் சொல்கிறேன். ஏறத்தாழ பத்து நாள் கொடியில் தொங்கவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் படிந்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

ஒரே தகட்டில் இரண்டு படம் எடுத்தேன். 1/10, 2/10 என்று எண்ணிட்டு விற்கலாமா? (லாஸ்பேட்டை)

கூடாது. கீழே இருக்கும் எண், இதே படத்தைப் பத்துத் தடவை ஒரே மாதிரி எடுக்க முடியும் என்று வாங்குபவருக்குத் தரப்படும் வாக்கு. மோனோடைப்பில் தகட்டில் செதுக்கலோ பள்ளமோ கிடையாது. மையிலேயே வரைந்த படம் முதல் தேய்ப்பிலேயே பெரும்பகுதி தாளுக்குப் போய்விடுகிறது, மிஞ்சும் மையில் எடுக்கும் இரண்டாவது படம் வெளிறிய நிழலாகவே வரும். அந்த நிழலை இழிவாக எண்ண வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் ஜெனோவாவின் ஓவியர் காஸ்டிலியோனே தொடங்கிவைத்த இந்த முறையை 1870களில் கையாண்ட பிரெஞ்சு ஓவியர் டெகா, அப்படி வெளிறிய இரண்டாம் படங்களின் மேல் பாஸ்டல் என்னும் வண்ணக்கட்டியால் தீட்டிப் புதிய ஓவியங்களாகவே ஆக்கினார். ஆனால் சென்ற ஆண்டு புதுச்சேரியில் ஒரு விற்பனைக் கூடத்தில், கணினியில் நகலெடுத்த தாள்களுக்கு 'மோனோடைப் 7/50' என்று பென்சிலால் எழுதியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். நாள் முழுக்கக் குனிந்து தேய்ப்பவரின் உழைப்பை அது களவாடுகிறது. உங்கள் முதல் படத்தில் 1/1 என்று எழுதுங்கள். இரண்டாவதில் 'இரண்டாம் எடுப்பு' என்று வெளிப்படையாகக் குறியுங்கள்.

எழுத்துகள் இடவலம் மாறி விழுகின்றன. (நெல்லித்தோப்பு)

அக்ரிலிக் தகட்டின் அடியில், எழுதிய டிரேசிங் தாளைக் குப்புற வைத்து அதைப் பார்த்து எழுதுங்கள்.