அண்ணன் வீட்டுத் தவணையும் உங்கள் பொறியாளர் உரிமமும்

கேள்வி: கட்டமைப்புப் பொறியியலில் எம்.இ. முடித்து, தமிழ்நாட்டில் ஒன்பது ஆண்டுகள் பாலங்கள் வடிவமைத்தேன். மூன்று ஆண்டுகளாக டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடும்பத்துடன் வசிக்கிறேன்; கிடங்கில் வேலை. ஊரில் அண்ணன் மாடியுடன் கட்டும் வீட்டின் வங்கித் தவணைக்கு மாதம் 800 டாலர் அனுப்புவதற்காகச் சனி, ஞாயிறும் உழைக்கிறேன். மாதம் 350 டாலரில் முழு ஆயுள் காப்பீடு எடுக்கச் சொல்கிறார் நண்பர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மனைவி, குழந்தைகளின் பாதுகாப்புக்கு 20 ஆண்டு டெர்ம் பாலிசி (அந்தக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும், சேமிப்பு இல்லாத காப்பீடு) போதும்; அதன் பிரீமியம் இதில் சிறு பகுதியே. நம்மவர் கூடும் இடமெல்லாம் ‘காப்பீடும் சேமிப்பும் ஒன்றாக’ என்று விற்கப்படும் திட்டத்தை, வருமானம் உயராத நிலையில் தொடவே கூடாது.

என்னை வருத்துவது நீங்கள் விற்றுவிட்ட சனி, ஞாயிறுகள்தான்; இங்கே பொறியாளர் உரிமம் பெறத் தயாராக வேண்டிய நேரம் அது. வாரம் 16 மணி நேரம், மணிக்கு 18 டாலர் என்றால் பிடித்தம் போக மாதம் சுமார் 1,000 டாலர் வரும். அதில் 800 அண்ணனுக்குப் போகிறது, ஆண்டுக்கு 9,600. கிடங்கில் ஆண்டுச் சம்பளம் 42,000 என்றும், பொறியாளர் வேலையில் 75,000 என்றும் வைத்துக்கொண்டால், வரி போக வித்தியாசம் 20,000-க்கு மேல். பத்தாயிரம் அனுப்புவதற்காக இருபதாயிரத்தை இழக்கிறீர்கள்.

ஓராண்டு கனடா அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்டாரியோவின் உரிம அமைப்பான பி.இ.ஓ. 2023 மே மாதத்திலேயே நீக்கிவிட்டது. ஆனால் 34 திறன்களுக்கு உங்கள் பணியிலிருந்தே சான்று எழுதி, அவற்றை உங்கள் வேலையை நேரில் அறிந்த பொறியாளர்கள் உறுதிசெய்ய வேண்டும். ஊரிலுள்ள உங்கள் பழைய மேலதிகாரிகள் ஓய்வு பெற்று, தொடர்பும் விட்டுப்போனால் அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு யார் சாட்சி சொல்வார்கள்? தொழில்நெறி, சட்டம் பற்றிய தேர்வும் இருக்கிறது. பாடத் தேர்வுகளும் எழுத வேண்டியிருக்கலாம். வாரம் ஏழு நாளும் உழைத்த களைப்பில் இவை நடக்காது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேலையை இந்த மாதமே விடுங்கள். மாதம் 500 டாலர் குறையும். அண்ணனுக்கு 18 மாதங்கள் 300 டாலர் மட்டும் அனுப்புங்கள். அவர் மாடியை ஒத்திவைத்து, தவணைக் காலத்தை நீட்டிக்க வங்கியிடம் கேட்கட்டும். கூடும் வட்டியில் ஒரு பங்கை, வேலை மாறிய பிறகு நீங்களே ஏற்கலாம். இதைக் குறுஞ்செய்தியில் சொல்லாதீர்கள். அண்ணியும் உடன் இருக்கும்போது, இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.