கறுத்த திரையும் மூன்று படிகளும்

வணக்கம். இரண்டாம் வருடத்துக்குப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். சூமில் 80 பிள்ளைகள், எல்லாத் திரையும் கறுப்பு. 'விளங்குதா?' என்று கேட்டால் இரண்டு பேர் 'ஓம் சேர்' என்கிறார்கள். பரீட்சை எப்போது, நேரிலா இணையத்திலா என்று எனக்கே தெரியாது. பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஒரு விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

அன்புள்ள நண்பருக்கு,

'விளங்குதா?' என்ற கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள். உயர்தரத்தில் 50 பல்தேர்வு வினாக்களுக்கும், தெரியாவிட்டாலும் ஏதோவொன்றில் புள்ளடி போட்டு வந்த பிள்ளைகள் இவர்கள். பிழை விடைக்கு அங்கே புள்ளி குறையாது. 'தெரியாது' என்று சொல்லி அவர்களுக்குப் பழக்கமில்லை; அதற்கொரு இடத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் வினாவிடை அமைக்கும்போது உறுதிநிலைப் புள்ளியிடல் என்றொரு தெரிவு உண்டு. விடையோடு 'எவ்வளவு உறுதி?' என்பதையும் பிள்ளை 1, 2, 3 என்று குறிக்க வேண்டும். சரியென்றால் அதே 1, 2, 3 புள்ளிகள். பிழையென்றால் 0, கழித்தல் 2, கழித்தல் 6. சரியாயிருக்கும் வாய்ப்பு 67 சதவீதத்துக்குக் குறைவென்றால் 1, 80 சதவீதத்தைத் தாண்டினால் 3 போடுவதுதான் இலாபம். ஆகவே உண்மையைச் சொல்பவருக்கே புள்ளி கூடும்.

முதல் வாரத்தில் துணிந்தவர்கள் எல்லாவற்றுக்கும் 3 போடுவார்கள், பயந்தவர்கள் எல்லாவற்றுக்கும் 1. அதனால் முதல் இரண்டு சோதனைகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகு '3 போட்டுப் பிழைவிட்ட' வினாக்களை மட்டும் பிரித்தெடுங்கள். உதாரணமாக, பீ பெறுமானம் 0.03 என்றால் சூனியக் கருதுகோள் (வேறுபாடு எதுவும் இல்லை என்ற தொடக்க ஊகம்) உண்மையாக இருக்கும் நிகழ்தகவு 3 சதவீதம் என்ற கூற்று. அது பிழை. ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அதை முழு உறுதியோடு 'சரி' என்பார்கள். அடுத்த விரிவுரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக சூம் கிடைத்தது பெரிய உதவிதான். என்றாலும் டேட்டா இலவசமாகக் கிடைத்தால்கூட நெடுந்தீவுப் பிள்ளையின் வீட்டுக்குச் சிக்னல் வந்துவிடாது. குழு வீடியோ ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி இழுக்கும். அதே பாடத்தை 12 நிமிடத் துண்டுகளாக, மோனோவில், 24 கேபிபிஎஸ் அளவில் ஒலிப்பதிவு செய்தால் ஒரு துண்டு 2 எம்பிதான். சிக்னல் வரும் நேரத்தில் இறக்கிவைத்துக் கேட்கலாம். ஸ்லைடுகளைப் பிடிஎப்பாகத் தனியே போடுங்கள். பதிவில் 'இங்கே பாருங்கள்' என்று சொல்லாதீர்கள், கேட்பவருக்கு எங்கே என்று தெரியாது. '7ஆம் ஸ்லைட், இரண்டாவது வரி' என்று சொல்லுங்கள். நேரடி வகுப்பு 20 நிமிடம், கேள்விகளுக்கு மட்டும்.

ஒப்படைகள் ஆறு கொடுத்து, சிறந்த நான்கை எடுங்கள். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த பிள்ளை கடிதத்தோடு அலைய வேண்டியதில்லை. பீடத்தின் அனுமதியைச் செமஸ்டர் தொடங்கமுன் வாங்கிவிடுங்கள், இடையில் மாற்றினால் முறைப்பாடு வரும்.

பரீட்சையைப் பற்றித் தெரியாது என்றே சொல்லுங்கள். ஆனால் வெறும் 'தெரியாது' வாட்ஸ்அப்பில் வதந்தியாகிவிடும். ஒவ்வொரு வெள்ளியும் 4 மணிக்கு மூன்று வரி எழுதுங்கள்: தெரிந்தது இது, தெரியாதது இது, அடுத்து எப்போது சொல்வேன் என்பது இது. புதுச் செய்தி ஒன்றும் இல்லாத வெள்ளியிலும் 4 மணிக்கு அந்த மூன்று வரியும் வர வேண்டும்.

அன்புடன்.