லீவு முடிந்த முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுகுவது ஏன்?

கேள்வி: கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 6 வருடமாக கார்டிங்கில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு லீவு முடிந்து திங்கள் ஷிப்டுக்குப் போனால், மதியத்துக்கு மேல் நெஞ்சைக் கட்டிப் பிடித்தது போல் இருக்கிறது. வறட்டு இருமல், சில நேரம் உடம்பும் கணகணவென்று சுடுகிறது. புதன்கிழமைக்குள் சரியாகிவிடும். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றார்கள். "பஞ்சுத் தூசிதான், பழகிடும்" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். பழகிவிடுமா?

பதில்: கிழமையைக் குறித்து எழுதினீர்களே, அதுதான் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் ஆரம்பம் இப்படித்தான் இருக்கும்.

உங்களுக்குக் கிருமித் தொற்று இல்லை, சரி. ஆனால் இதில் கிருமிக்குப் பங்கு உண்டு. பஞ்சோடு வரும் காய்ந்த இலைத் துணுக்குகளில் ஒரு வகை பாக்டீரியா குடியிருக்கும். புளோ ரூமில் பஞ்சை அடித்து, கார்டிங்கில் சிக்கெடுக்கும்போது அந்தத் துணுக்குகள் பொடியாகிக் காற்றில் பறக்கின்றன. அந்த பாக்டீரியாவின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. பாக்டீரியா செத்த பிறகும் அந்த நச்சு வேலை செய்யும். 1987இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூச்சுத்திறன் எவ்வளவு குறைந்தது என்பது தூசியின் அளவைவிட எண்டோடாக்சின் அளவோடுதான் ஒத்துப்போனது.

இந்த நச்சை முதலில் மோப்பம் பிடிப்பவற்றில் முக்கியமானவை மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்கள். டைல்ஸ் பதித்த சுவர் போல அவை சும்மா இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். எண்டோடாக்சின் வந்திருப்பதை உணரும் டிஎல்ஆர்4 என்ற புரதம் அவற்றில் இருக்கிறது. உணர்ந்ததும் ஐஎல்-8 போன்ற அழைப்புப் புரதங்களைச் சுரக்கின்றன. ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அந்த அழைப்புக்குத் திரண்டு வருகின்றன. கொல்ல வேண்டிய கிருமி அங்கே இல்லை, ஆனாலும் கொண்டுவந்த நொதிகளைக் கொட்டுகின்றன. சுவர் வீங்குகிறது, சளி ஊறுகிறது, குழாய் சுருங்குகிறது. இதற்கெல்லாம் சில மணி நேரம் ஆகும் என்பதால்தான் ஷிப்ட் தொடங்கியவுடன் இல்லாமல் மதியத்துக்கு மேல் உங்களுக்குத் தெரிகிறது. நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்களும் இதில் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் எலிகளில் உட்சுவர்ச் செல்களின் சமிக்ஞையை மட்டும் தடுத்துப் பார்த்தபோதே நியூட்ரோஃபில் வரவு நன்றாகக் குறைந்துவிட்டது.

புதன்கிழமை ஏன் தேவலை? நாள்தோறும் நச்சு படும்போது அந்தச் செல்கள் தற்காலிகமாக மரத்துப்போகின்றன, லீவில் மரமரப்பு தெளிந்துவிடுகிறது என்பதே பொருத்தமான விளக்கம். பழகுவது என்று உங்கள் கூட இருப்பவர்கள் சொல்வது இந்த மரமரப்பைத்தான். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். வருடங்கள் போகப் போக செவ்வாய், புதன் என்று தொந்தரவு நீளும், கடைசியில் லீவு நாளிலும் மூச்சு வாங்கும். அந்தக் கட்டத்தில் இழந்த மூச்சுத்திறன் திரும்பக் கிடைக்காது.

எக்ஸ்ரே நார்மல் என்று யாராவது சொன்னால் அதோடு விடாதீர்கள். வாரத்தின் முதல் வேலை நாளில், ஷிப்டுக்கு முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை, மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும். எந்தப் பிரிவில் வேலை, எத்தனை வருடம் என்பதை டாக்டர் சீட்டில் எழுதட்டும். பிசினோசிஸ் இஎஸ்ஐ காப்பீட்டின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயும்கூட.

முகத்தில் துண்டு கட்டுவது இந்த நுண்தூசிக்குப் போதாது. கன்னத்தோடு ஒட்டி உட்காரும் என்95 முகக்கவசம் கேளுங்கள். ஏர் அடித்து மெஷினைச் சுத்தம் செய்யும் நேரத்தில் பக்கத்தில் நிற்காதீர்கள். ஆனால் முகக்கவசம் ஒரு தடுப்புதான். தூசியை உறிஞ்சி வெளியேற்றுவது மில்லின் பொறுப்பு. ஸ்பைரோமெட்ரியில் வித்தியாசம் தெரிந்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டே தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.